மெட்ரோ தண்ணீரில் டிரைஹாலோமீத்தேன்: இந்த ஆய்வறிக்கையை எப்படிப் படிப்பது?

கேள்வி: திருவான்மியூர்வாசி

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் திருவான்மியூரில் 16 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். மெட்ரோ வாட்டர் இணைப்பு, ஆழ்துளைக் கிணறு, கோடையில் லாரித் தண்ணீர் ஆகிய மூன்றும் 20,000 லிட்டர் கொள்ளும் ஒரே சம்ப்பில் (நிலத்தடித் தொட்டியில்) விழுந்து, அங்கிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏறுகின்றன. சங்கத்தின் ஏற்பாட்டில் வாரம் ஒருமுறை பிளம்பர் வந்து, அரைக் கிலோ பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்துச் சம்ப்பில் ஊற்றிவிட்டுப் போகிறார். அன்றும் மறுநாளும் குழாயைத் திறந்தாலே நெடி மூக்கில் ஏறுகிறது.

என் மகள் ஐந்தாம் மாதக் கர்ப்பிணி; இப்போது எங்களுடன் இருக்கிறாள். குளோரின் நீரிலுள்ள கரிமப் பொருளோடு வினைபுரிந்து உண்டாகும் டிரைஹாலோமீத்தேன் என்ற துணைவிளைபொருள்களைப் பற்றி எங்கோ படித்துவிட்டு அவள் பயப்படவே, ஒரு தனியார் ஆய்வகத்தில் சமையலறைக் குழாய் நீரைப் பரிசோதிக்கக் கொடுத்தேன். நான்கு டிரைஹாலோமீத்தேன்களுக்கும் லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில் வந்த முடிவு இது: குளோரோஃபார்ம் 24, புரோமோடைகுளோரோமீத்தேன் 26, டைபுரோமோகுளோரோமீத்தேன் 25, புரோமோஃபார்ம் 9. கூட்டினால் 84. அறிக்கையின் அடியில் "ஐ.எஸ். 10500 வரம்புக்கு உட்பட்டது" என்று, அதாவது இந்தியக் குடிநீர்த் தரநிலையில் தேறியதாக, முத்திரை குத்தியிருக்கிறார்கள். ஆனால் அமெரிக்காவில் மொத்த வரம்பே 80 தான் என்று தெரிகிறது. அங்கே தவறிய நீர் இங்கே எப்படித் தேறுகிறது?

இந்த நீரைக் குடிக்கலாமா, குளோரினையே நிறுத்தும்படி சங்கத்தில் கேட்கலாமா, கொதிக்க வைத்தால் போதுமா என்பவை என் கேள்விகள். ஆர்.ஓ. விற்க வந்தவர் தம் இயந்திரத்தின் நீரில் டி.டி.எஸ். மீட்டரை முக்கி, 40 என்று காட்டி, "எல்லா நச்சும் போய்விட்டது, சார்" என்றார். அதை நம்பலாமா என்பதையும் விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: ஆய்வக வேதியியலர்

வணக்கம் ஐயா. கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். டி.டி.எஸ். மீட்டர் நீரின் மின்கடத்துதிறனை அளந்து, அதிலிருந்து கரைந்துள்ள உப்பின் அளவைக் கணிக்கும் கருவி. டிரைஹாலோமீத்தேன்கள் மின்னூட்டம் இல்லாத மூலக்கூறுகள். இருப்பதும் மைக்ரோகிராம் அளவில்தான். அந்த மீட்டருக்கு அவை தெரியவே தெரியாது. விற்பனையாளர் காட்டியது உப்பு குறைந்ததை மட்டுமே.

இரண்டு வரம்புகளும் வேறுபடுவதற்குக் காரணம் அவை வேறுவேறு விதமாக அமைக்கப்பட்டிருப்பது. ஐ.எஸ். 10500 (2012) நான்கு சேர்மங்களுக்கும் தனித்தனி வரம்பு வைக்கிறது: குளோரோஃபார்முக்கு 200, புரோமோடைகுளோரோமீத்தேனுக்கு 60, மற்ற இரண்டுக்கும் தலா 100 மைக்ரோகிராம். அமெரிக்க விதி நான்கையும் கூட்டி 80 என்கிறது. ஆனால் அது ஒரே ஒரு மாதிரிக்கான வரம்பு அன்று. ஒவ்வோர் இடத்திலும் காலாண்டுக்கு ஒருமுறை எடுத்த மாதிரிகளின் ஓராண்டுச் சராசரி 80-ஐத் தாண்டக் கூடாது என்பதே அங்குள்ள விதி. ஆகவே ஒரு நாள் வந்த 84 என்ற எண்ணை வைத்து அந்த விதியை மீறியதாகவும் சொல்ல முடியாது, மீறவில்லை என்றும் சொல்ல முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மொத்த வரம்பு 100.

எனக்குப் பிடித்த அளவுகோல் உலக சுகாதார நிறுவனத்தினுடையது. ஒவ்வொரு சேர்மத்தின் அளவையும் அதற்குரிய வழிகாட்டு மதிப்பால் வகுத்து, வரும் நான்கு ஈவுகளையும் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 1-ஐத் தாண்டக் கூடாது. அவர்களுடைய மதிப்பில் குளோரோஃபார்முக்கு மட்டும் 300. மற்றவை நம் தரநிலையில் உள்ளவையே. உங்கள் எண்களைப் போட்டால் 0.08, 0.43, 0.25, 0.09 என்று வந்து, மொத்தம் 0.85 ஆகிறது. தேறுகிறது, ஆனால் தாராளமாகத் தேறவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் எந்தச் சேர்மமும் தன் வரம்பில் பாதியைக்கூடத் தொடவில்லை என்பதையும் கவனியுங்கள். அதனால்தான் உங்கள் ஆய்வகத்துக்கு முத்திரை குத்துவது எளிதாக இருந்திருக்கிறது.

உங்கள் அறிக்கையில் என் கண்ணில் முதலில் பட்டது மொத்தத் தொகை அன்று, அதன் பங்கீடுதான். ஏரி நீரில் குளோரின் சேர்த்தால் வழக்கமாகக் குளோரோஃபார்மே முன்னால் நிற்கும். உங்களிடம் புரோமின் ஏறிய மூன்று சேர்மங்களும் சேர்ந்து 60 மைக்ரோகிராம். அந்த நீரில் எங்கிருந்தோ புரோமைடு (கடல்நீரில் உள்ள புரோமின் உப்பு) கலந்திருக்கிறது. குளோரின் புரோமைடை ஹைப்போபுரோமஸ் அமிலமாக மாற்றிவிடும். அது கரிமப் பொருளோடு குளோரினைவிட வேகமாக வினைபுரியும். புரோமின் அணு குளோரின் அணுவைவிட இரு மடங்குக்கு மேல் கனமானது என்பதால், மூலக்கூறுகளின் எண்ணிக்கை கூடாவிட்டாலும் எடைக்கணக்கில் மொத்தம் கூடும்.

தென்சென்னையில் புரோமைடு வர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளிலிருந்து வரும் நீர். ஆர்.ஓ. சவ்வுகள் புரோமைடின் பெரும்பகுதியைத் தடுத்தாலும், லிட்டருக்குச் சில நூறு மைக்ரோகிராம் தப்பி வருவது உலகெங்கும் காணப்படுவதே. அந்த நீரில் கரிமப் பொருள் மிகக் குறைவு என்பதால் தனியாக விட்டால் அது சாதுவானது. ஏரி நீரோடு கலக்கும்போதுதான் கணக்கு மாறும். இரண்டாவது வழி உங்கள் ஆழ்துளைக் கிணறு. கடல்நீரில் குளோரைடும் புரோமைடும் எடையில் ஏறத்தாழ 290-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கும். கிணற்று நீரின் சாதாரணப் பரிசோதனை அறிக்கை இருந்தால் அதில் குளோரைடு எவ்வளவு என்று பாருங்கள். அந்தக் குளோரைடு கடலிலிருந்து ஏறியதாக இருந்தால், 290-ஆல் வகுத்து வருவதே புரோமைடின் தோராய அளவு.

இன்னொன்றும் தெரிய வேண்டும். மாதிரியை யார், எந்தப் பாத்திரத்தில், எப்படி எடுத்தார்கள்? அதைச் சொன்னால்தான் 84 என்ற எண்ணையே நம்பலாமா என்று சொல்ல முடியும்.

பதில் 2: பொதுநல மருத்துவர்

உங்கள் மகளின் பயம் புரிகிறது. தெரிந்தவற்றையும் அவற்றின் உறுதிப்பாட்டையும் பிரித்தே சொல்கிறேன்.

1974-இல் ரோட்டர்டாமின் குடிநீரில் யோஹன்னஸ் ரூக் என்ற வேதியியலர், குளோரின் சேர்ப்பதாலேயே குளோரோஃபார்ம் உண்டாவதைக் கண்டறிந்தார். இரண்டு ஆண்டுகளில், மிக அதிக அளவில் குளோரோஃபார்ம் கொடுக்கப்பட்ட எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் புற்றுநோய் வந்ததாக அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் அறிவித்தது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை குளோரோஃபார்மையும் புரோமோடைகுளோரோமீத்தேனையும் "மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும்" என்ற 2பி வகையில் வைத்திருக்கிறது. மனிதர்களிடம் ஓரளவு தொடர்ச்சியாகக் காணப்படும் தொடர்பு சிறுநீர்ப்பைப் புற்றுநோயோடுதான். 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அந்தப் புற்றுநோயில் சுமார் 5 சதவீதத்துக்குக் குடிநீரின் டிரைஹாலோமீத்தேன்கள் காரணமாக இருக்கலாம் என்று மதிப்பிட்டது. ஆனால் அந்த நோய்க்கு முதற்காரணம் புகையிலை. இவை அதன் அருகில்கூட வரவில்லை. மேலும் இங்கே பேசப்படுவது பல பத்தாண்டுகள் தொடர்ந்து அருந்தியவர்களின் நிலை. சில மாதங்களின் கணக்கு இதில் சேராது.

கர்ப்ப காலத்தைப் பொறுத்தவரை அதிகம் மேற்கோள் காட்டப்படுவது 1998-இல் வெளியான கலிஃபோர்னிய ஆய்வு. மொத்த அளவு 75 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் இருந்த குழாய் நீரை நாளுக்கு ஐந்து தம்ளரோ அதற்கு மேலோ அருந்திய பெண்களிடம் கருச்சிதைவு கூடுதலாக இருந்ததாக அது சொன்னது. உங்கள் எண் 84 என்பதால் உங்கள் மகள் படித்ததும் அதுவாகவே இருக்கலாம். பின்னர் அதைச் சரிபார்க்கவே அமெரிக்காவில் நடத்தப்பட்ட பெரிய ஆய்வு அந்தத் தொடர்பைத் தெளிவாக உறுதிசெய்யவில்லை. குழந்தையின் எடை சற்றுக் குறைவதோடு மெல்லிய தொடர்பு சில ஆய்வுகளில் வருகிறது, சிலவற்றில் வருவதில்லை. இதை "பயமில்லை" என்று நான் மொழிபெயர்க்க மாட்டேன். எளிதில் குறைக்க முடிந்ததைக் குறைத்துக்கொள்ளலாம் என்பதே என் நிலை.

ஆனால் குளோரினை நிறுத்தச் சொல்லாதீர்கள். கழிவுநீர் கலந்த குடிநீரால் பரவும் ஹெபடைடிஸ் ஈ மற்றவர்களுக்குப் பெரும்பாலும் சில வாரங்களில் குணமாகும் மஞ்சள்காமாலை. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் அது தொற்றினால் இறப்பு 20 முதல் 25 சதவீதம் வரை போகும் என்று உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது. நம் தெருக்களில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் பக்கம் பக்கமாக ஓடுவதையும், வீட்டு மோட்டார்கள் காலிக் குழாயை உறிஞ்சும்போது கசிவு உள்ளே வருவதையும் நினைத்துப் பாருங்கள். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் நான் முதலில் அஞ்சுவது இதற்குத்தான்.

டிரைஹாலோமீத்தேன்கள் எளிதில் ஆவியாகிறவை என்பதால், உடலுக்குள் போவது குடிப்பதால் மட்டும் அன்று. மூடிய குளியலறையில் கீசரின் சுடுநீரில் நெடுநேரம் ஷவரில் நிற்கும்போது மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் போகும் அளவு, குடிப்பதற்கு இணையாகவோ மிகுதியாகவோ இருக்கலாம். ஜன்னலைத் திறந்து வைத்து, வாளியில் பிடித்து வெதுவெதுப்பான நீரில் குளித்தால் இது பெரிதும் குறையும். சென்னை வெயிலில் இது ஒன்றும் தவம் அன்று.

பதில் 3: ஓய்வுபெற்ற குடிநீர்ப் பொறியாளர்

மருத்துவர் சொன்னதை வழிமொழிகிறேன். ஆனால் உங்கள் பிளம்பர் செய்வது குளோரினேற்றம் என்ற பெயருக்கே உரியதன்று.

கணக்கைப் பாருங்கள். பிளீச்சிங் பவுடரில் கிருமியைக் கொல்லப் பயன்படும் குளோரின் 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அரைக் கிலோவில் 125 கிராம். சம்ப் நிறைந்திருந்தாலே லிட்டருக்கு 6 மில்லிகிராமுக்கு மேல் ஆகிறது. பாதி இருந்தால் 12-க்கு மேல். இந்தியத் தரநிலை எஞ்சிய குளோரின் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்கிறது, அதிகபட்சம் 1 வரை அனுமதிக்கிறது. 20,000 லிட்டரில் 1 மில்லிகிராம் ஏற்ற 80 கிராம் பவுடர் போதும். இரண்டு நாள் நெடியும் அதன்பின் ஐந்து நாள் வெறுமையும் என்று உங்கள் வாரம் கழிகிறது: முதல் இரண்டு நாளில் துணைவிளைபொருள், மீதி நாட்களில் கிருமிக்குத் திறந்த கதவு. பவுடரும் திறந்த மூட்டையில் ஈரத்தில் கிடந்தால் வீரியம் இழந்துவிடும் என்பதால், கண்மதிப்பில் போடுகிறவருக்கு எந்த வாரம் எவ்வளவு போட்டோம் என்பதே தெரியாது.

மெட்ரோ வாட்டர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து குளோரின் சேர்த்துத்தான் அனுப்பப்படுகிறது. லாரித் தண்ணீருக்கும் நிரப்புமிடத்தில் சேர்ப்பார்கள். எனவே முதலில் அளவிடுங்கள். சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் குளோரோஸ்கோப் பெட்டி விலை அதிகமில்லை. ஆர்த்தோடொலிடின் விட்டு மஞ்சள் நிறம் பார்ப்பது பழைய முறை. இப்போது இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டி.பி.டி. மாத்திரை கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். மேல்நிலைத் தொட்டியின் கடைசிக் குழாயில் காலையில் 0.2 இருந்தால் அன்று எதுவும் சேர்க்க வேண்டாம். இல்லாவிட்டால் சிறிதளவு, குறைவதை ஈடுகட்டும் அளவுக்கு மட்டும் சேருங்கள்.

அதைவிட முக்கியமானது சம்ப்பின் அடிமட்டம். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். விரற்கடை ஆழத்துக்குக் கறுத்த வண்டல் படிந்திருந்தால், அந்தக் கரிமக் கசடுதான் நீங்கள் ஊற்றும் குளோரினைத் தின்று துணைவிளைபொருளாகத் திருப்பித் தருகிறது. சம்ப்பைக் காலிசெய்து, வண்டலை அள்ளி வெளியேற்றி, தேய்த்துக் கழுவிய பிறகே குளோரின். பெரிய நிலையங்களிலும் இதே நெறிதான்: முதலில் படிகாரம் சேர்த்துக் கரிமப் பொருளைப் படியவைத்து அகற்று, குளோரினைப் பிறகு சேர்.

துணைவிளைபொருள், கிருமி ஆகிய இரண்டு முனைகளிலும் ஒரே நேரத்தில் சறுக்கிய ஊர் அமெரிக்காவின் ஃபிளின்ட். 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க ஃபிளின்ட் ஆற்று நீருக்கு மாறினார்கள். கோடையில் ஈ. கோலி கிருமிகள் தென்படவே குளோரினைக் கூட்டினார்கள். 2015 ஜனவரியில் டிரைஹாலோமீத்தேன் வரம்பு மீறிவிட்டதாக மக்களுக்கு அறிவிப்பு போனது. அதே காலத்தில் அந்த வட்டாரத்தில் நீரில் வளரும் பாக்டீரியாவால் வரும் நுரையீரல் தொற்றான லெஜியோனேர்ஸ் நோய் பரவி 12 பேர் இறந்தனர். குழாய்களில் எஞ்சிய குளோரின் தங்காததும் அதற்கு ஒரு காரணமாகக் காட்டப்பட்டது. ஈயம் கரைந்து வந்த கதைதான் உலகுக்குத் தெரியும். அது வெளிச்சத்துக்கு வருமுன்னரே தொடங்கியது இது.

திருவான்மியூர்வாசி

மூவருக்கும் மிக்க நன்றி. ஆழ்துளைக் கிணற்றின் பழைய அறிக்கையைத் தேடி எடுத்தேன். குளோரைடு 600 மில்லிகிராம். மாதிரியைப் பொறுத்தவரை, ஆய்வகத்திலிருந்து வந்த இளைஞர் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் முக்கால்வாசி பிடித்து, பைக்கின் பக்கப்பையில் வைத்து எடுத்துச் சென்றார். அன்று காலைதான் பிளம்பர் பவுடர் ஊற்றியிருந்தார். மறு பரிசோதனை செய்வதாக இருந்தால் என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்? அதுவரை மகளுக்குக் குடிநீருக்கு என்ன செய்வது?

ஆய்வக வேதியியலர்

600-ஐ 290-ஆல் வகுத்தால் சுமார் 2 மில்லிகிராம் புரோமைடு. குளோரைடில் கழிவுநீரின் பங்கும் இருக்கலாம் என்பதால் அதற்குக் குறைவாகவே வைத்துக்கொண்டாலும், உங்கள் புரோமின் சேர்மங்களுக்கு அந்தக் கிணறே போதிய விளக்கம். கிணற்று நீரைக் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் தனிக் குழாயில் பிரித்துவிட்டு, மெட்ரோ நீரை மட்டும் சம்ப்புக்கு விட முடிந்தால் அதுவே பாதித் தீர்வு.

மாதிரி எடுத்த விதம் சரியில்லை. முக்கால்வாசி நிரப்பியதால் மேலே இருந்த காற்றுக்குள் டிரைஹாலோமீத்தேன் ஆவியாகி, அளவு குறைந்து வந்திருக்கும். குளோரினைச் செயலிழக்கச் செய்யாததால், வெயிலில் போன வழியெல்லாம் பாட்டிலுக்குள்ளேயே வினை தொடர்ந்து, அளவு கூடியும் வந்திருக்கும். இரண்டில் எது வென்றது என்று 84-ஐப் பார்த்துச் சொல்ல முடியாது.

மறுமுறை, டிரைஹாலோமீத்தேன் சோதனைக்கே என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் பெற்ற ஆய்வகமா என்று பாருங்கள். ஆய்வகத்துக்கு அங்கீகாரம் இருப்பதும் இந்தச் சோதனைக்கு இருப்பதும் ஒன்றல்ல, அங்கீகாரப் பட்டியலையே கேட்டு வாங்கலாம். 40 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பிகள், டெஃப்லான் பூசிய மூடியோடு, உள்ளே குளோரினைச் செயலிழக்கச் செய்யும் சோடியம் தயோசல்ஃபேட்டோ அஸ்கார்பிக் அமிலமோ முன்கூட்டியே இட்டு அவர்கள் தர வேண்டும். குழாய் வலையைக் கழற்றி, சில நிமிடங்கள் நீரை ஓடவிட்டு, மெல்லிய தாரையாகக் குப்பியின் விளிம்பில் நீர் குவிந்து நிற்கும்வரை நிரப்பி மூடுங்கள்; உள்ளே இருக்கும் மருந்து வழிந்துவிடக் கூடாது. குப்பியைத் தலைகீழாகத் திருப்பித் தட்டினால் ஒரு குமிழிகூடத் தெரியக் கூடாது. உடனே பனிக்கட்டியில் வையுங்கள். பவுடர் போட்ட நாளில் ஒன்றும், போட்டு நான்கு நாள் கழித்து ஒன்றும், சம்ப்புக்குள் நுழையுமுன் மெட்ரோ குழாயிலேயே ஒன்றும் எடுத்தால், குற்றம் தெருவுடையதா, சம்ப்புடையதா என்று தெரிந்துவிடும். குளோரினால் உண்டாகும் இன்னொரு வகைத் துணைவிளைபொருளான ஹாலோஅசிட்டிக் அமிலங்களை இந்தியத் தரநிலை கேட்பதில்லை. அமெரிக்காவில் ஐந்து அமிலங்களின் மொத்தம் 60 மைக்ரோகிராம் என்று வரம்பு உண்டு. அதற்குக் குப்பியும் பதப்பொருளும் வேறு, கட்டணமும் தனி. பணம் இடிக்குமானால் இப்போதைக்கு விட்டுவிடலாம்.

மகளின் குடிநீருக்கு: மூடி போடாத பாத்திரத்தில், ஜன்னலைத் திறந்து வைத்து, நன்றாகத் தளதளவென்று சில நிமிடங்கள் கொதிக்க வைத்தால் டிரைஹாலோமீத்தேனின் பெரும்பகுதி ஆவியோடு போய்விடும், கிருமியும் சாகும். வெதுவெதுப்பானதும் இறக்கிவிடுவது வேண்டாம், சூடு ஏறும் முதற்கட்டத்தில் வினை வேகமெடுத்து அளவு கூடத்தான் செய்யும். ஹாலோஅசிட்டிக் அமிலங்கள் கொதித்தாலும் பெரும்பாலும் அப்படியே நிற்கும். அவற்றுக்கு ஆர்.ஓ. சவ்வு நன்றாக உதவும். டிரைஹாலோமீத்தேனை அந்தச் சவ்வு ஓரளவே தடுக்கும், உண்மையில் பிடிப்பது அதற்கு முன்பின் இருக்கும் கார்பன் வடிப்பான். குளோரின் நெடி மீண்டும் வரும்வரை கார்பன் நன்றாக இருக்கிறது என்று நினைக்காதீர்கள். குளோரோஃபார்ம் அதற்கு வெகு முன்பே வடிப்பானைத் தாண்டத் தொடங்கிவிடும். ஆர்.ஓ. வாங்குவதாக இருந்தால் மீட்டர் காட்டும் எண்ணை விட்டுவிட்டு, கார்பன் உருளை எத்தனை லிட்டருக்கு மதிப்பிடப்பட்டது, மாற்ற என்ன விலை என்று கேளுங்கள். யு.வி. விளக்கு கிருமிக்கு மட்டும்தான்.